இரும்புச் சட்டை – 12: பிரளயத்துக்கு மிஞ்சிய கவசம்

சென்ற அத்தியாயத்தில், ராபர்ட் ஹைன்லைன் என்னும் அமெரிக்க நாவலாசிரியர் 1959ஆம் ஆண்டில் ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’ என்ற நாவலின் வாயிலாகக் காலாட்படை வீரனுக்கு அணிவித்த யந்திரக் கவசத்தையும், அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியார் மெய்யாகவே அப்படியொன்றைச் செய்ய முனைந்து, ‘ஹார்டிமேன்’ என்று பெயரும் சூட்டி, ஒரு கையை மட்டும் ஒழுங்காக இயங்க வைத்துவிட்டு 1970களின் தொடக்கத்தில் அம்முயற்சியைக் கைவிட்டதையும் கண்டோம். கற்பனை எளிதாகத் தாண்டிவிட்ட இடத்தில் யந்திர சாஸ்திரம் தடுமாறி நின்ற அந்தக் கட்டத்திலிருந்து, கால் நூற்றாண்டைக் கடந்து, 1997ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்துக்கு வாசகர்களை இப்போது அழைத்துச் செல்கிறேன். கலிபோர்னியாவிலிருந்த இன்டர்ப்ளே என்ற நிறுவனம் ‘ஃபால்அவுட்’ என்னும் கணினி விளையாட்டை வெளியிட்டது அந்த மாதத்தில்தான். அணுயுத்தத்தால் உலகம் பாழான பிறகு, 2161ஆம் ஆண்டில், கலிபோர்னியாவின் வறண்ட நிலங்களில் நடக்கும் கதை அது. அந்த விளையாட்டு விற்கப்பட்ட அட்டைப்பெட்டியின் முகப்பில் கதாநாயகனின் முகம் இல்லை. மூச்சுக்குழாய்கள் பொருத்திய ஓர் இரும்புத் தலைக்கவசமே இருந்தது. அந்தக் கவசத்தின் சரித்திரமே இந்த அத்தியாயம்.

விளையாட்டைத் தொடங்குகிறவர் முதலில் காண்பது ஒரு பழைய தொலைக்காட்சிப் பெட்டியை. இங்க் ஸ்பாட்ஸ் என்ற இசைக்குழுவினர் 1940இல் பாடிய காதல் பாட்டொன்று இழைந்து ஒலிக்கிறது. விளம்பரங்கள் வந்து போகின்றன. இடையே ஒரு செய்திப்படம் வருகிறது. அமெரிக்கா கனடாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டிருக்கிறது என்றும், அங்கே நம் வீரர்கள் அமைதியைக் காக்கிறார்கள் என்றும் அச்செய்தி அறிவிக்கிறது. யந்திரக் கவசம் பூண்ட வீரர்கள் நிற்கிறார்கள். அவர்கள் முன்னே கட்டுண்ட மனிதன் ஒருவன் முழந்தாளிட்டிருக்கிறான். வீரன் அவன் தலையில் சுடுகிறான். பிறகு படமெடுக்கிறவரை நோக்கித் திரும்பி, திருவிழாவில் நிற்பவனைப் போலக் கையை அசைக்கிறான். காட்சி மெல்லப் பின்னோக்கி நகர, அந்தத் தொலைக்காட்சி நிற்கும் அறை இடிந்து கிடப்பதையும், அறைக்கு வெளியே நகரம் முழுவதும் எரிந்து கருகி எலும்புக்கூடாக நிற்பதையும் நாம் காண்கிறோம்.

இந்தக் கவசத்தைப் பற்றி எழுதுகிறவர்களிற் பலர், அதன் கம்பீரத்தையும் பாதுகாப்பையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, இந்த முதற்காட்சியை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். என்னால் அப்படிக் கடந்துவிட முடியவில்லை. ஒரு பொருளைப் படைத்தவர்கள் அதை உலகத்துக்கு முதன்முதலாக எந்த நிலையில் காட்டினார்கள் என்பது சரித்திரத்தில் அற்பமான விஷயமன்று. தாங்கள் படைத்த கவசத்தை, இன்டர்ப்ளேயின் கலைஞர்கள் ஒரு வீரச்செயலில் அறிமுகப்படுத்தவில்லை. நிராயுதபாணியான ஒரு கைதியின் கொலையில் அறிமுகப்படுத்தினார்கள். பின்னால் அதே கவசம் ஆட்டக்காரனுக்குக் கிடைத்தற்கரிய பரிசாக வரப்போகிறது என்பதை அறிந்தே அப்படிச் செய்தார்கள். அவர்களுடைய துணிவும் நேர்மையும் இங்கே இருக்கின்றன என்று நான் கருதுகிறேன்.

அவர்கள் யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டிம் கெயின் என்ற நிரலாளர் 1994ஆம் ஆண்டு வாக்கில் ஏறக்குறையத் தனியாளாகவே இந்த விளையாட்டின் அடிப்படை யந்திரத்தை எழுதத் தொடங்கினார். லெனார்ட் போயார்ஸ்கி, ஜேசன் ஆண்டர்சன் முதலிய ஓவியர்கள் பின்னர் வந்து சேர்ந்தார்கள். 1988இல் வெளிவந்த, இதே நிறுவனம் உருவாக்கியிருந்த ‘வேஸ்ட்லேண்ட்’ என்ற விளையாட்டு அவர்களுக்கு முன்னோடி. ஸ்டீவ் ஜாக்சன் என்பவருடைய நிறுவனத்தின் ‘கர்ப்ஸ்’ என்ற விதிமுறைத் தொகுதியைக் கொண்டு விளையாட்டை அமைப்பதாக முதலில் ஏற்பாடு இருந்தது. அந்த உறவு முறிந்து, தமக்கென்று புதிய விதிமுறைகளை அவர்கள் அவசரமாக வகுத்துக்கொள்ள நேர்ந்தது. நான் மேலே விவரித்த அந்தக் கொலைக்காட்சியும் அந்த முறிவுக்கு ஒரு காரணமாக இருந்தது. ஒப்பந்தத்தை இழந்தாலும் அந்தக் காட்சியை அவர்கள் இழக்கச் சம்மதிக்கவில்லை என்பதை வாசகர் குறித்துக்கொள்ள வேண்டும்.

போயார்ஸ்கி இந்த உலகத்துக்குக் கொடுத்த தோற்றம் விசேஷமானது. 1950களின் அமெரிக்கர்கள் எதிர்காலத்தை எப்படிக் கனவு கண்டார்களோ, அந்தக் கனவே மெய்யாகி, பிறகு எரிந்துபோன உலகம் அது. அணுசக்தியில் ஓடும் மோட்டார் கார்கள், உருண்டை விளிம்புள்ள குளிர்பதனப் பெட்டிகள், புன்னகைக்கும் விளம்பரக் குடும்பங்கள் இவற்றுக்கு நடுவே இந்தக் கவசமும் அந்தக் காலத்து மோட்டார் காரின் பருமனையும் வளைவுகளையும் கொண்டு நிற்கிறது. ஹைன்லைனின் வீரன் அணிந்த கவசமும் அதே 1950களில் பிறந்ததே அல்லவா? அவர் நம்பிக்கையோடு எழுதியதை இவர்கள் நாற்பதாண்டு கழித்துத் துக்கத்தோடு எழுதினார்கள்.

இனி, கதைக்குள்ளே இந்தக் கவசம் பிறந்த வரலாற்றைப் பார்ப்போம். இது கற்பனா லோகத்தின் சரித்திரமே ஆயினும், அதை வகுத்தவர்கள் மெய்யான சரித்திரத்தின் காரண காரியத் தொடர்பை நன்கு கற்றவர்களாகத் தோன்றுகிறது. கவசத்தின் தாய் எண்ணெய்ப் பஞ்சம். 2052ஆம் ஆண்டில் ஐரோப்பிய நாடுகள் எண்ணெய்க்காக மத்தியக் கிழக்கு நாடுகளோடு யுத்தம் தொடங்குகின்றன. ஐக்கிய நாடுகள் சபை கலைந்து போகிறது. பூமியில் எஞ்சிய எண்ணெயின் பெரும்பகுதி அமெரிக்காவின் வசம் இருக்க, சீனா 2066ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் அலாஸ்கா மீது படையெடுக்கிறது. எண்ணெய் இல்லாமல் டாங்கிகள் ஓடா. ஆகவே டாங்கியின் வேலையைச் செய்யும் மனிதனைச் செய்ய வேண்டியதாயிற்று. வெஸ்ட் டெக் என்ற ஆராய்ச்சி நிறுவனத்தாரிடம் அந்தப் பணி ஒப்படைக்கப்பட, 2067இல் முதல் கவசங்கள் அலாஸ்காவின் பனிக்களத்தில் இறங்கின. டி-45 என்ற வரிசையைச் சேர்ந்த அவை நகர்வதில் மந்தமானவை; ஆயினும் கனரக ஆயுதங்களைத் தனியொருவன் சுமந்து செல்லச் செய்ததனால் சீனரின் காலாட்படைக்கும் டாங்கிகளுக்கும் அவை எமனாக வாய்த்தன.

போர்முனைக்குச் செல்ல வழிவேண்டும் என்ற காரணத்தால் கனடா முதலில் நிர்ப்பந்திக்கப்பட்டது, பிறகு விழுங்கப்பட்டது. 2076ஆம் ஆண்டோடு அந்த நாடு பெயரளவிலும் இல்லாமற் போயிற்று. 2074இல் கவசப் படைகள் சீனப் பெருநிலத்திலேயே இறக்கப்பட்டு, அங்கே சேற்றில் புதைந்தாற்போல் அசையாமல் நின்றுவிட்டன. 2076 ஜூன் மாதத்தில், நம் அத்தியாயத்தின் நாயகமான டி-51 என்ற புதிய கவசம் உருவாகி, தேங்கிக் கிடந்த யுத்தத்தை மறுபடியும் உருளச் செய்தது. 2077 ஜனவரி 10ஆம் தேதி அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரம் மீட்கப்பட்டது. இந்த வெற்றிக்குப் பன்னிரண்டே நாட்களில், அதாவது ஜனவரி 22ஆம் தேதி, அதே கவசங்கள் அமெரிக்க நகரங்களின் தெருக்களில், உணவும் எரிபொருளும் கேட்டுக் கூடிய அமெரிக்கப் பிரஜைகளைக் கலைப்பதற்காக முதன்முறையாக நிறுத்தப்பட்டன. சீனனை எதிர்த்துப் போராடிய வீரன், தன் ஊர்க்காரனை எதிர்த்து நிற்கும்படி ஆயிற்று. அந்த ஆண்டு அக்டோபர் 23ஆம் தேதி அணுகுண்டுகள் விழுந்தன. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

பன்னிரண்டு நாள் என்ற அந்த இடைவெளியை அமைத்தவரின் நுண்ணறிவை நான் பெரிதும் மதிக்கிறேன். எல்லையில் அந்நியனுக்காகச் செய்யப்பட்ட ஆயுதம் வீட்டுக்குள்ளே திரும்புவதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்ற கேள்விக்கு இதைவிடக் குறுகிய, இதைவிடக் கடுமையான விடையைப் பல பெரிய சரித்திர நூல்களும் சொன்னதில்லை.

கவசத்தின் உறுப்புகளை விளையாட்டின் கையேடு மிகவும் நிதானமாக, ராணுவத் தளவாடப் பட்டியலின் நடையிலேயே வர்ணிக்கிறது. முதுகில் பொருத்திய நுண் அணுக்கருப் பிணைவுப் பெட்டி 60,000 வாட் சக்தியைப் பிறப்பிக்கும். அந்தச் சக்தி மூட்டுகளில் அமைந்த திரவ அழுத்த யந்திரங்களை இயக்கும். பல அடுக்குக் கலவையால் ஆன புற ஓடு 2,500 ஜூலுக்கு மேற்பட்ட மோதலைத் தாங்கும். அதன் மீது பூசிய 10 மைக்ரான் வெள்ளிப்பூச்சு லேசர்க் கதிரையும் கதிர்வீச்சையும் திருப்பி அனுப்பும். இந்த எண்களை வெறும் அலங்காரமென்று தள்ளிவிடாமல் சற்று நிறுத்திப் பார்ப்பது பயன் தரும்.

நாள் முழுவதும் உடலுழைப்புச் செய்யும் ஒரு மனிதன் தொடர்ந்து தரக்கூடிய சக்தி சுமார் 75 வாட்; ஆகவே 60,000 வாட் என்பது ஒரே சமயத்தில் எண்ணூறு பேர் உழைக்கும் உழைப்பு. குதிரைத்திறனில் சொன்னால் 80. ஒரு சிறிய மோட்டார் காரின் எஞ்சினுக்குச் சமானம். இதே சக்தியை இன்று நாம் அறிந்த நல்ல லித்தியம் அயான் மின்கலங்களிலிருந்து பெற முயன்றால், ஒரு கிலோவுக்கு 250 வாட்-மணி என்று கணக்கிட்டு, ஒரு மணி நேர உபயோகத்துக்கு மட்டும் 240 கிலோ மின்கலத்தை வீரன் முதுகில் சுமக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு அரை டன். மெய்யுலகில் இந்த முயற்சி எங்கே முட்டிக்கொண்டது என்பது இந்தக் கணக்கிலிருந்தே விளங்கும். ரேதியான் நிறுவனத்தார் 2010இல் காட்டிய எக்ஸ்.ஓ.எஸ்.-2 என்ற புறச்சட்டம் அதை அணிந்தவரை வலியவராக்கியது உண்மை. ஆனால் அதற்கு வேண்டிய சக்தி வெளியிலிருந்து ஒரு குழாய் வழியே வந்துகொண்டிருந்தது. அமெரிக்காவின் விசேஷப் படைத்தலைமை 2013இல் ‘டாலோஸ்’ என்ற பெயரில் அறிவித்த கவசத் திட்டம், அட்மிரல் மெக்ரேவனின் ஆதரவோடு பெரும் எதிர்பார்ப்பை எழுப்பிவிட்டு, 2019இல் முழுக் கவசம் ஒன்றும் கைக்கு வராமலே முற்றுப்பெற்றது. அங்கும் சக்திக்கும் சுமைக்கும் இடையிலுள்ள இந்த வழக்குத் தீரவில்லை. ஃபால்அவுட்டின் ஆசிரியர்கள் செய்த ஒரே மாயம் முதுகிலுள்ள அந்தப் பெட்டிதான். அதை மட்டும் நாம் ஒப்புக்கொண்டுவிட்டால் மற்றவையெல்லாம் வரிசையாகப் பொருந்திவிடுகின்றன.

2,500 ஜூல் என்ற எண்ணோ, கற்பனைக் கதைகளில் வழக்கமாகக் காணும் மிகைக்கு நேர்மாறான அடக்கம் உடையது. நேட்டோ படைகளின் 5.56 மில்லிமீட்டர்த் துப்பாக்கிக் குண்டு குழாயை விட்டுப் புறப்படும்போது சுமார் 1,700 ஜூல் சக்தியோடும், 7.62 மில்லிமீட்டர்க் குண்டு ஏறக்குறைய 3,300 ஜூல் சக்தியோடும் செல்லும். அதாவது சாதாரணச் சிப்பாயின் துப்பாக்கிக்கு அஞ்சாத கவசம், கனமான துப்பாக்கியின் முன் தன் எல்லையைத் தொட்டுவிடுகிறது. சாகாவரம் பெற்ற கவசமாக அதைச் செய்ய அவர்கள் விரும்பவில்லை.

எண்களைவிட என் மனத்தை அதிகமாக ஈர்ப்பது, உலகம் அழிந்த வாரத்தில் இந்தக் கவசங்கள் சில என்ன செய்துகொண்டிருந்தன என்னும் கதை. கலிபோர்னியாவில் மரிபோசா என்ற ராணுவ தளத்தில், விஞ்ஞானிகள் ஒரு நோய்க்கிருமியைக் கைதிகளான மனிதர்கள் மீது சோதித்து வந்தார்கள். அவர்களைக் காவல் காக்கும்படி அனுப்பப்பட்டிருந்த படையினர் தாம் எதற்குக் காவல் நின்றோம் என்பதை 2077 அக்டோபரில் அறிந்தபோது, காப்டன் ரோஜர் மாக்ஸன் என்பவர் தலைமையில் கலகம் செய்தார்கள். விஞ்ஞானிகளை அவர்கள் சுட்டுக் கொன்றார்கள். அக்டோபர் 20ஆம் தேதி, நாங்கள் இனி இந்த ராணுவத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர் என்று வானொலியில் பகிரங்கமாக அறிவித்தார்கள். பதில் வரவில்லை; படையும் வரவில்லை. மூன்றாம் நாள் குண்டுகள் விழுந்தன. பூமிக்கடியில் இருந்த தளம் தப்பியது. 25ஆம் தேதி, வெளியே காற்று எப்படியிருக்கிறது என்று பார்த்து வர ஒருவன் யந்திரக் கவசம் பூண்டு தனியாகக் கிளம்பி, சுற்றுவட்டாரத்தில் ஆபத்தான கதிர்வீச்சு இல்லையென்று தெரிந்துகொண்டு திரும்பினான். மறுநாள் அவர்கள் விஞ்ஞானிகளை வெட்டவெளியில் புதைத்துவிட்டு, தளத்தை மூடிவிட்டு, தம் குடும்பங்களை அழைத்துக்கொண்டு பாலைவனத்தின் வழியே லாஸ்ட் ஹில்ஸ் என்ற சுரங்க அரணை நோக்கி நடந்தார்கள்.

அந்த ஒற்றை வீரன் வெளியே சென்று திரும்பிய சம்பவத்தை நான் பலமுறை நினைத்துப் பார்ப்பதுண்டு. இந்தக் கவசத்தின் பத்தாண்டு ஆயுளில், மனிதனைக் கொல்வதற்காகவோ மிரட்டுவதற்காகவோ அல்லாமல், மற்ற மனிதர் உயிர்வாழ முடியுமா என்று அறிவதற்காக அது பயன்பட்ட சந்தர்ப்பம் அது. இத்தனைக்கும் அதைச் செய்தவர்கள் அரசாங்கத்தின் கட்டளையை மீறியவர்கள். கட்டளைக்குக் கீழ்ப்படிந்த கவசம் கனடாவில் கைதியைச் சுட்டுக் கையசைத்தது. கட்டளையை மீறிய கவசம் காற்றைச் சோதித்தது.

ஆயினும் அந்த மனிதர்களை மகான்களாக்கிவிட இந்தக் கதை இடங்கொடுக்கவில்லை. லாஸ்ட் ஹில்ஸில் அவர்கள் நிறுவிய பிரதர்ஹுட் ஆஃப் ஸ்டீல் என்ற சகோதர சங்கம், பழைய உலகத்தின் யந்திர ஞானத்தைப் பாதுகாப்பதே தன் தர்மமென்று பிரகடனம் செய்துகொண்டு, காலப்போக்கில் அந்த ஞானத்தைப் பிறருக்கு மறுப்பதையும் தர்மமாக்கிக்கொண்டது. மூத்தோர், பாலடின்கள், நைட்டுகள், எழுத்தர்கள் என்று படிநிலை வகுத்து, எழுத்தர் ஏடுகளைப் பிரதி செய்ய, நைட்டுகள் கருவிகளைப் பேண, ஒரு மடாலயம் போல அவர்கள் வாழ்ந்தார்கள். வெளியிலிருந்து வந்து சேர விரும்பியவர்களை ‘க்ளோ’ என்ற இடத்துக்குப் போய் ஒரு பொருளைக் கொண்டு வரும்படி அனுப்புவது அவர்கள் வழக்கம். அந்த இடம் வேறெதுவும் அன்று. கவசத்தையே உருவாக்கிய வெஸ்ட் டெக் ஆராய்ச்சிக்கூடம், குண்டு விழுந்து, கதிர்வீச்சில் மினுங்கிக் கிடக்கும் பள்ளம். போனவன் திரும்ப மாட்டான் என்று எண்ணித்தான் அனுப்பினார்கள். தாம் பூண்டிருக்கும் கவசத்தின் பிறப்பிடத்தைப் பிறருக்கு மரணக் குழியாக்கிய அந்தச் செயல், மாக்ஸனின் கலகம் எண்பது ஆண்டுகளில் எவ்வளவு தூரம் தேய்ந்துவிட்டது என்பதைக் காட்டுகிறது.

ஆட்டக்காரனுக்குக் கவசம் கிடைக்கும் விதங்களில் எனக்கு மிகவும் உகந்தது, அதை அவனே பழுது பார்ப்பது. சங்கத்தின் சுரங்கத்தில் உடைந்த கவசம் ஒன்று கிடக்கிறது. அதை இயக்கும் ஓர் உறுப்பு இல்லை. கிடங்குக்காரரிடம் பேசி அந்த உறுப்பை வாங்கிவந்து, பொறுமையாகப் பொருத்தினால் கவசம் உயிர் பெறும். யுத்தம் இல்லை, கொலை இல்லை. ஒரு கம்மியனின் கைவேலை மட்டுமே. பிரளயத்துக்குப் பிந்திய உலகத்தில் புதிது செய்கிறவனைவிடப் பழையதைச் சீர்செய்கிறவனே பெரியவன் என்ற உண்மை இங்கே மிகவும் இயல்பாக வெளிப்படுகிறது.

அடுத்து வந்தவற்றை விரைவாகக் கடக்கலாம். 1998இல் வெளியான இரண்டாம் பாகத்தில், பழைய அரசாங்கத்தின் எச்சமான என்கிளேவ் என்ற கூட்டத்தார், பூச்சியின் தலைபோன்ற தலைக்கவசத்தோடு இன்னும் வலிய கவசங்களைச் செய்து வருகிறார்கள்; வலிமை கூடியதேயன்றிப் பொருள் கூடவில்லை. 2007இல் பெதஸ்டா நிறுவனம் இந்தக் கதையுலகத்தின் உரிமையை இன்டர்ப்ளேயிடமிருந்து 57 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு வாங்கிக்கொண்டது. அதன் மறு ஆண்டு வெளிவந்த மூன்றாம் பாகத்தில், கவசம் அணிய விசேஷப் பயிற்சி வேண்டும் என்ற விதி புகுந்தது. அணிய விரும்பியவன் அணியலாம் என்ற நிலை போய், கற்றவனே அணியலாம் என்றாயிற்று.

அந்த விதியை வைத்துக்கொண்டு, 2010இல் அப்சிடியன் நிறுவனத்தார் செய்த ‘நியூ வேகாஸ்’ என்ற பாகத்தில் வந்த ஒரு கவசம்தான், இந்தத் தொடர் முழுவதிலும் நான் கண்டவற்றுள் மிக ஆழமான கற்பனை. நியூ கலிபோர்னியா குடியரசு என்ற வளர்ந்து வரும் ராஜ்யம், 2276ஆம் ஆண்டில் ஹீலியோஸ் ஒன் என்னும் சூரியசக்தி நிலையத்துக்காகச் சகோதர சங்கத்தோடு பொருதது. சங்கத்தாரிடம் கவசம் இருந்தது. குடியரசிடம் ஆட்கள் இருந்தார்கள். ஆட்களே வென்றார்கள். வென்றவர்கள் செத்தவர்களின் கவசங்களை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அவற்றை இயக்கும் பயிற்சி அவர்களுக்கு இல்லை. அதனால் மூட்டுகளிலிருந்த யந்திரங்களையும், முதுகிலிருந்த உருளைகளையும் பெயர்த்தெடுத்துவிட்டு, வெறும் ஓட்டை மட்டும் தம் வீரர்களுக்கு மாட்டிவிட்டார்கள். வீரனுக்கு வலிமை தந்துகொண்டிருந்த கவசம், அணிந்தவனே மூச்சு வாங்கச் சுமக்க வேண்டிய இரும்புப் பாரமாயிற்று. ஞானமில்லாமல் கைப்பற்றிய பொருள் இந்த நிலைக்குத்தான் வரும். ரோமாபுரி வீழ்ந்தபின் அதன் நீர்க்குழாய்களை உருக்கி ஈயம் எடுத்தவர்களின் நிலையும் வேறன்று. குடியரசின் அந்த வீரர்கள் கோழைகளும் அல்லர். பாலைவன வெயிலில் அந்தப் பாரத்தைச் சுமந்து காவல் நின்றவர்கள். அவர்கள் மீது எனக்கு ஏற்படும் பரிவு, மின்னும் கவசம் பூண்ட எந்தப் பாலடின் மீதும் ஏற்படுவதில்லை.

2015இல் வெளியான நான்காம் பாகம் கவசத்தின் இயல்பையே மாற்றிவிட்டது. அதுவரை சட்டையைப் போல மாட்டிக்கொள்ளப்பட்டது, இப்போது முதுகுப்புறத்துச் சக்கரத்தைத் திருப்பித் திறந்து, உள்ளே ஏறி நிற்கும் வாகனமாயிற்று. அணுக்கருப் பிணைவு உருளை ஒன்றைச் செருக வேண்டும், அது தீர்ந்தால் வேறொன்று தேட வேண்டும். கவசத்தின் கனமும் காலடி ஓசையும் முதன்முதலாக உடம்பில் உணரும்படி ஆனது இதனால்தான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் இரண்டு நூற்றாண்டு எரியுமென்று நாம் நம்பியிருந்த நெருப்பு, சில மணித்துளிகளில் தீர்ந்துபோகும் எரிபொருளாகச் சிறுத்தது எனக்கு உவப்பாயில்லை. அந்தப் பாகத்தின் தொடக்கக் காட்சியோ, 1997இன் கனடாக் காட்சிக்கு உடன்பிறப்பு. குண்டு விழும் காலையில், நிலவறைப் புகலிடத்தின் வாயிலில் அண்டை வீட்டார் கூடிக் கதறுகிறார்கள். பட்டியலில் பெயர் இல்லாதவர்களை உள்ளே விடாமல் தடுத்து நிற்பவன் யந்திரக் கவசம் பூண்ட வீரன். புகலிடத்தில் இடம் விற்கும் வேலையைச் செய்த விற்பனையாளரே அங்கே திருப்பி அனுப்பப்படுகிறார்.

2024 ஏப்ரலில் இந்தக் கதையுலகம் தொலைக்காட்சித் தொடராக வந்தபோது, கணினி ஓவியமாக இருந்த கவசத்தை, லெகசி எஃபெக்ட்ஸ் என்ற பட்டறையினர் மனிதன் உள்ளே நின்று நடக்கும்படி மெய்யாகவே செய்தார்கள். அத்தொடரில் கூப்பர் ஹோவர்ட் என்ற பாத்திரம், யுத்தத்தில் கவசம் பூண்டு போராடியவர்; நடிகரான பிறகும், மார்புத் தகட்டின் கீழுள்ள பற்றவைப்பில் இருந்த ஒரு பலவீனத்தை மறவாதவர். இருநூறு ஆண்டுகளுக்குப் பின், கதிர்வீச்சால் உருமாறி, சாகாமல் வாழும் அவர், தம்மை எதிர்த்து வரும் சகோதர சங்கத்து வீரர்களை அதே இடத்தில் சுட்டு வீழ்த்துகிறார். வீரனின் உயிருக்குப் பொறுப்பான தகட்டை ஒழுங்காகப் பற்றவைக்காத குற்றம், குற்றவாளிகள் எல்லோரும் மாண்ட பின்னும், அடுத்த தலைமுறைகளின் மார்பில் அப்படியே இருந்தது. அந்தக் கவசத்தைத் தெய்வப் பொருளாகத் துடைத்து வைத்து வணங்கியவர்களில் ஒருவரும் அதைத் திறந்து பார்த்துச் சீர்செய்யவில்லை.

என் தீர்ப்பைக் கேட்பீர்களாயின், இந்தக் கவசத்தைப் பற்றிப் படைப்பாளிகள் சொன்னவற்றுள் 1997இன் அந்த முதற்காட்சியே சத்தியம். பிறகு வந்த பரிசுகளும் பட்டங்களும் அதற்குப் பிந்தியவை. இந்த விளையாட்டை ஆடும் இளைஞர்கள் நம் வாசகர்களின் வீடுகளிலும் இருப்பார்கள். அவர்கள் அந்த முகப்புக் காட்சியைத் தாண்டி ஓடாமல், ஒருமுறை முழுவதும் பார்த்துவிட்டுக் கவசத்தை அணியட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த அத்தியாயத்தில் பசிபிக் சமுத்திரத்தைக் கடந்து, 1979 ஏப்ரல் 7ஆம் தேதி ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘குண்டம்’ என்ற ஓவியத் தொடரையும், அதில் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் ஏறி அமர்ந்த பதினெட்டு மீட்டர் உயர யந்திரத்தையும் காண்போம்.